முப்பத்தொரு படியும் ஒரு துடைப்பமும்

குட்ரூன் ஷெம்ப்பின் வீட்டுக்குச் சாலை கிடையாது. ஸ்டுட்கார்ட் நகரின் தெற்கே, ஹெஸ்லாக்கில், மலைச்சரிவில் ஏறும் கல் படிக்கட்டின் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிற வீடு அது. கீழே முப்பத்தொரு படி இறங்கினால் டிராம் ஓடும் வீதி, இறைச்சிக்கடை, அவள் முப்பத்தாறு வருடம் பிரெட்செல் என்கிற முறுக்கு ரொட்டி விற்ற கடை. மேலே நூற்றுப் பதினெட்டு படி ஏறினால் தோட்டமும் காரும் வைத்திருப்பவர்களின் வீதி. நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கால்தான் வண்டி.

எழுபத்து நாலு வயதில் அந்த வண்டி நின்றுபோனது. செப்டம்பர் கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து குட்ரூன் படி இறங்கவே இல்லை. மளிகைக்காரர் வாரம் ஒருமுறை மூச்சிரைக்கச் சாமான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். யாராவது விசாரித்தால், "இந்த மழையில எவ வெளிய போவா?" என்று ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

அந்த ஜன்னல் வழியாகத்தான் அவளுக்கு உலகம். மாடி வீட்டு ரில்லிங்கம்மா பையோடு ஏறிவருவாள். ஏழெட்டுப் படிக்கு ஒருமுறை நின்று சுற்றும் முற்றும் பார்ப்பாள். 'மோப்பம் பிடிக்கிறா பார்' என்று குட்ரூன் திரைக்குப் பின்னால் பல்லைக் கடிப்பாள். ஒரே கூரையின் கீழ் இருபது வருடம். 'வாங்க, போங்க'வுக்கு மேல் அவர்கள் நெருங்கியதே இல்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கதவின் கைப்பிடியில் ஒரு மரப்பலகை தொங்கியது. 'இந்த வாரம் பெருக்கும் முறை' என்று எழுதிய அது, படியோரத்துப் பத்து வீட்டுக்கும் வாரம் ஒன்றாக மாறி மாறி வரும். அது யார் கதவில் தொங்குகிறதோ, அவர்கள் சனிக்கிழமைக்குள் முப்பத்தொரு படியையும் பெருக்கியாக வேண்டும். காய்ச்சல், கல்யாணம் என்று எந்தச் சாக்கும் செல்லாது. எங்கள் பக்கத்தில் மனுஷருடைய மானம் படியில்தான் இருக்கிறது. ஆள் வைத்துப் பெருக்கலாமே என்பீர்கள். ஏன் ஆள் வைத்தாள் என்று நாலு பேர் கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது?

கேட்டால் என்ன நடக்கும் என்பது குட்ரூனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பதினொரு வருடத்துக்கு முன்னால் பின்கட்டிலிருந்த கிழவர் ஹேஃபலே பாதி பெருக்கிவிட்டுத் துடைப்பமும் கையுமாகப் படியில் உட்கார்ந்திருந்தார். "உக்காந்திருந்தா படி சுத்தமாயிடுமா?" என்று இவள் சத்தமாகக் கேட்டாள். அதோடு விட்டாளா? வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதமும் எழுதினாள். படியைப் பற்றி மட்டும்தான் எழுதினாள். இரண்டே மாதத்தில் ஹேஃபலேயின் மகள் வந்து அவரை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனாள்.

சனிக்கிழமை வரை தள்ளிப்போட்டாள். படி முழுக்க நனைந்த இலை, வழுக்கல். மேலிருந்து கீழே பெருக்குவதுதான் முறை. ஒரு படியைப் பெருக்குவாள், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே அடுத்ததில் இறங்குவாள். பாவாடை தெப்பலாக நனைந்தது. கடைசிப் படிக்கு வந்தபோது மணி மூன்று. வேர்த்துக் கொட்டியது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. நாற்பது அடி தூரத்தில் ரொட்டிக்கடை, அதன் வாசனை.

எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்பு அசையவில்லை.

வாரம் முழுக்க இறங்குவதை நினைத்தே பயந்தவளுக்கு, திரும்பி ஏற வேண்டும் என்பது உறைக்கவே இல்லை. கடைக்குப் போகவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் முடியாது. வீதியில் போனவர்கள் கையசைத்தார்கள். "அடேயப்பா, கண்ணாடி மாதிரி இருக்கே!" என்றார் இறைச்சிக்கடைக்காரர். சனிக்கிழமை துடைப்பத்தோடு ஒருத்தி படியில் உட்கார்ந்திருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? இவளும் சிரித்து வைத்தாள்.

நாலு மணிக்கு ரில்லிங்கம்மா பையோடு வந்து நின்றாள்.

"என்ன ஷெம்ப்பம்மா, உக்காந்திருந்தா படி சுத்தமாயிடுமா?"

வேண்டுமென்றே கேட்டாளோ, வாய்தவறி வந்ததோ, குட்ரூனுக்குத் தெரியவில்லை. முகம் சுருங்கிப் போயிற்று.

"ரில்லிங்கம்மா," என்றாள் மெதுவாக. "என்னால ஏற முடியல. ரெண்டு மாசமா முடியல."

ரில்லிங்கம்மா பையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எனக்கு மூச்சு. ரெண்டு வருஷமா. எட்டுப் படி ஏறினா நெஞ்சு அடைக்குது."

"அப்போ நின்னு நின்னு வேடிக்கை பாப்பீங்களே?"

"வேடிக்கையாவது, மண்ணாவது! உங்க திரை ஆடும். உடனே மரத்தப் பாக்குற மாதிரி நிப்பேன். என் முறைக்கு அக்கா மகதான் விடியறதுக்குள்ள வந்து பெருக்கிட்டு ஓடுறா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஹேஃபலேயப் பத்தி வீட்டுக்காரருக்கு எழுதினது நீங்கதானே."

ரில்லிங்கம்மா பையிலிருந்து ஒரு பிரெட்செல்லை எடுத்துப் பிய்த்துப் பாதியை நீட்டினாள். குட்ரூன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பலகை இன்னிக்கு ராத்திரி உங்க கதவுக்கு வரணும்," என்றாள் குட்ரூன். "வராது. அத அடுப்புல போட்டுடறேன்."

"முதல்ல மேல போய்ச் சேருங்க, அப்புறம் அடுப்பப் பாக்கலாம்."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். முப்பத்தொரு படியிலும் ஓர் இலை இல்லை.