எல்லை தாண்டிய மீன் கடைகள்

நான் கணக்குப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். தாம்பரத்தை ஒட்டிய சிறிய நகராட்சி. மழை பெய்தால் மார்க்கெட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அங்கே கால்வாய் கட்டுவதாகச் சேர்மன் மேடையில் அறிவித்துவிட்டார். அதே வாரம் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலிருந்த உதிரிபாகக் கம்பெனி, சொத்துவரியைப் பாதியாக்காவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்றது. சேர்மன் அதற்கும் தலையாட்டிவிட்டார்.

“வரவைக் குறைச்சிட்டு செலவை ஏத்தினா எப்படி சார்?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தானே உங்கள வெச்சிருக்கோம்.”

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். மார்க்கெட் மீன் கடைகளின் வாடகை இரட்டிப்பானது.

மீன்காரர்கள் சார்பில் காசியம்மா வந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து தினமும் கூடையோடு பஸ் ஏறி வருபவர். கம்பெனி ஊருக்கு வேலை தருகிறது, அது போய்விட்டால் எல்லோருக்கும் நஷ்டம் என்று சேர்மன் பொறுமையாக விளக்கினார். காசியம்மா அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்போ, பூடுவேன்னு சொன்னா கொறைப்பீங்க. அவ்ளோதானே சார்?”

சேர்மன் சிரித்தார்.

மறுவாரம் மார்க்கெட்டில் ஒரு செதில்கூட இல்லை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊராட்சியின் காலி மனையில் அத்தனை பேரும் கடை போட்டிருந்தார்கள். அந்த ஊராட்சித் தலைவர் ஒரு வருஷத்துக்கு வாடகை வேண்டாமென்று சொல்லி, தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுத்திருந்தார். ‘தொழில் முனைவோரை வரவேற்கிறோம்’ என்று தட்டிகூட வைத்திருந்தார். எங்கள் கவுன்சிலர்களும் அங்கேதான் வஞ்சிரம் வாங்கினார்கள்.

சேர்மன் என்னையும் அழைத்துக்கொண்டு எல்லை தாண்டினார். பழைய வாடகையில் பாதி கொடுத்தால் போதும் என்றார். காசியம்மா மீன் அரிவதை நிறுத்தவில்லை.

“வாடக கெடக்கட்டும் சார். மொதல்ல கால்வாய கட்டுங்க. மழ வந்தா எங்க மீனு திரும்ப நீந்திப் போவுது.”

கால்வாய் கட்டி முடித்த பிறகுதான் திரும்பி வந்தார்கள். அதைப் பார்த்த கம்பெனி மேனேஜர், கால்வாயைத் தங்கள் கேட் வரைக்கும் நீட்டச் சொல்லி மனு கொடுத்தார். நீட்டினோம்.

இத்தனைக்கும் பணம் வேண்டுமே. வீட்டு வரியை உயர்த்தும்படி உத்தரவு வந்தது. அதற்கான குறிப்பை எழுதியவன் நான். கடன் வாங்கி அதே ஊரில் அப்போதுதான் வீடு கட்டியிருந்தேன். நோட்டீஸைப் படித்த என் மனைவி, நாமும் போய்விடுவோம் என்று சொல்லிப் பார்க்கலாமே என்றாள். வீட்டை எந்த லாரியில் ஏற்றுவது?

இன்று கணக்குப் பிரிவில் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். துண்டு விழும்போது, யாரிடம் பணம் இருக்கிறது என்று மேலே யாரும் கேட்கமாட்டார்கள். யாரால் நகர முடியாது என்றுதான் கேட்பார்கள். ஆகவே, பட்ஜெட் போடுகிற ஊரில் வாடகைக்குக் குடியிருங்கள்.