டிரம்முக்குப் பின்னால் வளர்ந்த வெட்கக்காரி

தையல்காரம்மா குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறம் ஒரு பழைய ரோஜாச் செடி நின்றது. அதன் பேர் யாருக்கும் தெரியாது. பூ தரையைப் பார்த்தே மலரும். வெயில் ஏற ஏற வெளிர் மஞ்சள் சிவந்துபோகும். மோந்தால் தேயிலை டப்பாவைத் திறந்த மாதிரி மணம். தலைகுனிந்தே இருந்ததால் ‘வெட்கக்காரி’ என்று அவளே பேர் வைத்தாள்.

ரோஜா என்றாலே காட்டு ரோஜா வேரில் ஒட்டுப் போட்ட செடிதான், அடியிலிருந்து வருவது காட்டுக் குருத்து, விட்டுவைத்தால் நல்ல ரோஜாவை அழித்துவிடும் என்று நர்சரிக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மண்ணைவிட்டுத் தலைநீட்டிய குருத்தையெல்லாம் கண்ணும் கருத்துமாகக் கிள்ளிப் போட்டாள்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன நேரம் பார்த்து, பெரிய தண்டு நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. வெட்டி நட்ட குச்சிகளும் அழுகின. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அவள் ஆண்டவனிடம் கேட்டது ஒன்றுதான்: போகிற வீட்டுக்கு வெட்கக்காரியும் கூட வரணும்.

“விறகுக்குப் போய் அழறியே. கடையில வேற வாங்கிக்க,” என்றாள் மூத்த நாத்தனார்.

“உங்க தம்பிக்கு முடி கொட்டினப்ப நான் வேற வாங்கிக்கவா போனேன், அண்ணி?”

செடிக்குப் பக்கத்தில் சுவரோரம் கிடந்த ஓட்டைத் தண்ணீர் டிரம்மை நகர்த்தச் சொல்லி வெகுநாளாகப் புருஷனை நச்சரித்திருந்தாள். பஸ்ஸையே ஓட்டுகிற மனிதருக்கு டிரம் மட்டும் நகரவில்லை. சாமான் ஏற்றும் அன்று வேறு வழியில்லாமல் புரட்டினார். பின்னால், சுவரோரமாக, செடியின் அடியிலிருந்து கிளம்பிய குருத்தொன்று இடுப்புயரம் நின்றது. நுனியில் ஒரு பூ, தரையைப் பார்த்தபடி.

“காட்டுக் குருத்துதானே, கிள்ளிடவா?” என்றார்.

“கையை எடுங்க.”

மண்டியிட்டு மோந்தாள். தேயிலை மணம். விரலால் மண்ணைக் கிளறினாள். ஒட்டுப் போட்ட முடிச்சு எங்கேயும் இல்லை. செடி முழுக்கத் தன் சொந்த வேரிலேயே நின்றது.

“அட ஆண்டவனே, இது பெத்த பிள்ளைங்களையா நான் இத்தனை நாளா கிள்ளிப் போட்டேன்?”

குருத்தை வேரோடும் மண்ணோடும் பிரித்து வாளியில் வைத்தாள். வண்டியில் வாளி அவள் மடியில்தான் வந்தது.

புது வீட்டில் வெட்கக்காரி ஜன்னலைத் தாண்டி வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்தாள். அடியிலும் குருத்துகள் வந்தன. ஒன்றைக்கூடத் தையல்காரம்மா கிள்ளவில்லை. நாத்தனார் காலித் தொட்டியோடு வந்து நின்றாள்.

“விறகா வேணும், அண்ணி?”

“போடி வாயாடி. நல்ல குருத்தா பாத்துக் குடு.”

வாசலில் நின்ற புருஷன் தொண்டையைச் செருமினார். “இனிமே எதையாவது நகர்த்தச் சொல்லுவியா?”

“உங்க சோம்பலுக்குள்ள ஆண்டவன் இவளை ஒளிச்சு வச்சிருக்கான்னு எனக்கெப்படித் தெரியும்?” என்று சிரித்தபடி, குருத்தைத் தோண்டக் குனிந்தாள் தையல்காரம்மா.