பிடித்தும் நிற்காத நடுக்கம்

தையல் கூடத்தில் அவளுக்குக் காஜா அக்கா என்று பேர். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத கூடத்தில், நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பட்டன் துளை போட்டு, காஜா எடுப்பவள். விடிவதற்குள் இறங்கினால் இருட்டிய பிறகுதான் மேலே வருவாள். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் அப்படித்தான். இடுப்பும் காலும் விண்விண்ணென்று வலித்தன. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பையன் மூக்கும் முழியுமாகத்தான் பிறந்தான். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. ஒரு மத்தியானம் துணி மாற்றும்போது அவன் இடது கை வெட்டி வெட்டி இழுத்தது.

"பசியா இருக்கும் அண்ணி, பாலைக் குடுங்க," என்றாள் நாத்தனார்.

காஜா அக்கா அந்தக் கையைப் பொத்திப் பிடித்தாள். பிடிக்குள்ளும் அது துடித்தது. கண்கள் ஒரு பக்கமாகச் செருகியிருந்தன. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

மருத்துவமனையில் குழந்தையின் ரத்தத்தைப் பார்த்தார்கள். கால்சியம் அதலபாதாளத்தில் இருந்தது. "அம்மாவுக்கும் ரத்தம் எடுங்க," என்றார் டாக்டரம்மா. இவள் சீறினாள்.

"இழுக்கிறது என் பிள்ளைக்கு. எனக்கு எதுக்கு?"

"வயித்துல இருக்கும்போது அவனுக்கு வைட்டமின் டி உங்ககிட்டருந்துதாம்மா போகணும். அது குறைஞ்சா கால்சியம் உடம்புல சேராது. நீங்க வெயிலைப் பாத்து எவ்ளோ நாளாச்சு?"

யோசித்தாள். கூடத்துக்குள் இறங்கிய விடியல்களும் ஏறி வந்த இருட்டும்தான் நினைவுக்கு வந்தன.

மருந்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வேகமாகப் போனால் இதயம் தடுமாறும் என்றார்கள். நர்ஸ் ஊசியை இம்மி இம்மியாகத் தள்ளினாள். இவள் இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் ஓடும் கோட்டையே வெறித்தாள். பாதியில் கை மறுபடி இழுத்தது.

"ஐயோ, சிஸ்டர்!"

"இருங்கம்மா, மருந்து இன்னும் முழுசாப் போகல."

நர்ஸ் மீதி மருந்தையும் மெதுவாக ஏற்றினாள். கடைசியில் அந்தக் குட்டி விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிறகு வார்டே அதிர வீறிட்டான்.

"என்னாலதானா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"உங்க தப்பு இல்லம்மா. முன்னாடியே யாராவது பாத்திருக்கணும்."

அவள் ரத்தத்திலும் அந்த வைட்டமின் பேருக்குத்தான் இருந்தது. தாய்க்கு மாத்திரை, பிள்ளைக்குச் சொட்டு மருந்து என்று மாதக்கணக்கில் ஓடியது. இழுப்பு திரும்ப வரவில்லை. இப்போது அவன் வீட்டைத் தலைகீழாக்குகிறான்.

போன வாரம் பக்கத்து மெஷின்காரி தான் முழுகாமல் இருக்கும் விஷயத்தை வெட்கத்தோடு சொன்னாள். கூடமே பெயர் தேடத் தொடங்கியது. காஜா அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"பேரு அப்புறம் பாக்கலாம்டி. முதல்ல வா, டாக்டர்கிட்டப் போய் ரத்தத்தைப் பாப்போம்."

"ரெண்டு பேரும் போனா வேலை யாரு பாக்கிறது?" என்றார் கூடத்தில் வேலை வாங்கும் மேஸ்திரி.

"நீங்கதான்," என்று அவளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு படியேறினாள்.