இருக்கைக்கு அடியில் ஒரு சிவப்பு ஒயர்

தெருவில் அவருக்கு லிஃப்ட் என்று பெயர். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? ஊரையே மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் தரையிலேயே நின்றுவிட்ட மனுஷன் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேலி பேசுவார். லிஃப்டும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கத் தெரிந்தவராகத்தான் இருந்தார், ஆறு வாரத்துக்கு முன்பு வரை.

ஓய்வு பெற்ற மறு மாதமே அவருக்குப் பைத்தியம் பிடித்தது என்பாள் மனைவி. அந்தப் பைத்தியம் நாலு சக்கரத்தில் வந்தது. ஆள் உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுகிற தோட்ட டிராக்டர்கள். இடுப்புயரம்கூட இருக்காது, வயது மட்டும் நாற்பது, நாற்பத்தைந்து. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போடப் போனதை இவர் தடுத்து வாங்கி வருவார். கார் நிறுத்த வேண்டிய கொட்டகையில் மூன்று நின்றன. இரண்டு, அக்குவேறு ஆணிவேறாக. மூன்றாவதுக்கு நான்கு மாதம் உழைத்தார். இறுகிப்போன பிஸ்டன்மேல் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துக் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டி இளக்கினார். கார்புரேட்டரின் நுண்துளைகளைப் பல் குத்தும் குச்சியால் துழாவினார். துருவைச் சுரண்டி, இரண்டு பூச்சுப் பச்சை அடித்தார். "எனக்கு ஒரு நாளும் இப்படி எண்ணெய் தேய்ச்சு விட்டதில்ல" என்றாள் மனைவி. "நீ எப்பவும் ஸ்டார்ட்டிங்லயே இருக்கிறவ, உனக்கு எதுக்கு?" என்றார் இவர்.

அந்த வண்டியின் இருக்கைக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்தால் அழுந்தும். ஆள் எழுந்தால் விடுபடும். உடனே இன்ஜின் நின்றுவிடும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் வண்டி தன்பாட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று யோசித்து யாரோ ஒருவர் வைத்த ஏற்பாடு. நாற்பது வருடத்தில் அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. சின்னக் குலுக்கலுக்கெல்லாம் இன்ஜின் உயிரை விட்டது. புது சுவிட்சுக்குச் சொல்லிவிட்டிருந்தார், வரவில்லை. எழுந்து நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்ததால், சோதனைக்காக சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். அதற்குப் பிறகு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆள் உட்கார்ந்திருப்பதாகவே வண்டி நம்பியது.

இதை மற்றவர்கள் செய்திருந்தால் வேறு கதை. லிஃப்ட் தொழிலில், கதவு மூடாமல் பெட்டி நகரக் கூடாது. கதவின் சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றி ஓடவிடுவதைவிடப் பெரிய குற்றம் அங்கே கிடையாது. பழுது பார்க்கப் போட்டே ஆக வேண்டுமென்றால் கண்ணில் அடிக்கிற சிவப்பு ஒயர்தான் போடுவார்கள். ஐந்து கொண்டுபோனால் ஐந்தும் திரும்பி வர வேண்டும். ஒரு முறை நாலுதான் வந்தது என்று கூட்டாளியை எட்டு மாடி மறுபடி ஏறவைத்தவர் இவர். அந்தச் சிவப்பு ஒயரில் ஒன்றுதான் இப்போது டிராக்டரின் இருக்கைக்கு அடியில் கிடந்தது.

மனைவியின் தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு மேலாளர். அங்கே புல் வெட்டும் வண்டி படுத்துவிட்டது. மைதானத்தில் முழங்காலளவு புல். "அத்தான், உங்க வண்டிய ஒரு மாசம் குடுங்க" என்று வந்து நின்றான். லிஃப்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. தெருவே கூடி நிற்க, அதை அவரே பள்ளிக்கூடம் வரை ஓட்டிப் போனார்.

மூன்றாவது வாரம், மழை பெய்த மறுநாள், தோட்டக்காரம்மா வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். புல்லுக்குள் மறைந்திருந்த வேரில் சக்கரம் ஏறித் தூக்கிப் போட்டது. அவள் விழுந்தாள். வண்டி நிற்கவில்லை. ஒடித்திருந்த ஸ்டியரிங்கோடு ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்தது. அடியில் பிளேடு சுற்றுகிற தட்டு அவளுடைய இடது காலின்மேல் ஏறியது.

விதி என்றார்கள். கெட்ட நேரம் என்றார்கள். அவள் முகராசி அப்படி என்று பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். மூன்றங்குல ஒயருக்கு இத்தனை பெயர்கள்! ஏழையின் கால் போனால் மட்டும் ஆகாயத்தைப் பார்க்கிறார்கள். குனிந்து இருக்கைக்கு அடியில் பார்க்க ஒருவருக்கும் கழுத்து வளைவதில்லை. கழுத்து வளையக்கூடிய ஒரே ஆளும் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

விபத்துக்கு மறுநாள் காலையிலேயே வண்டி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. லிஃப்ட் அதைத் தொடவில்லை. கொட்டகைக்குப் போவார், ஸ்டூலில் உட்கார்வார், வண்டியைப் பார்ப்பார், சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார். இப்படியே ஆறு வாரம்.

ஒரு சனிக்கிழமை மச்சினன் வந்தான்.

"அத்தான், திங்கட்கிழமையோட தலைவலி தீருது. ஸ்கூல் கமிட்டி உக்காருது. கவனக்குறைவா ஓட்டினாங்கன்னு எழுதி, அந்தம்மாவ வேலையவிட்டு எடுத்துடுவாங்க."

"கால் எப்படி இருக்கு அவங்களுக்கு?"

"மூணு விரல் போச்சு. மத்தபடி நல்லா இருக்காங்க."

லிஃப்ட் கொஞ்ச நேரம் ஸ்பானரை உருட்டிக்கொண்டிருந்தார். "மாப்ள, அந்த சீட்டுக்கு அடியில..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"செவப்பு ஒயர். அன்னைக்கே பாத்தேன். அதுக்குத்தானே விடியறதுக்குள்ள வண்டிய இங்க கொண்டாந்து தள்ளுனேன்? யாருக்காக? பிடுங்கிப் போடுவீங்கன்னு பாத்தா, இன்னும் அப்படியே வச்சிருக்கீங்க. கண்காட்சிக்கு அனுப்பப் போறீங்களா?"

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. பரிசோதனை பண்ணாத வண்டிய உள்ள விட்டது யாருன்னு கேப்பாங்க. அடுத்த பலி நான்தான். அக்கா, உன் வீட்டுக்காரர் என்னைத் தெருவுல நிறுத்தப் பாக்கறாரு, வந்து கேளு!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று முகம் சொன்னது. தம்பியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள்.

"ஏங்க, அவனுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். "அந்தம்மாவுக்கு யாரு இருக்கா?"



மச்சினன் இறங்கி வந்தான். "சரி, சொல்லியே தீரணும்னா இப்படிச் சொல்லுங்க. சோதனைக்குப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன். வயசாச்சு. மறதிக்கு யாரு என்ன பண்ண முடியும்? உங்களுக்கும் கெட்ட பேரு இல்ல, எனக்கும் பெரிசா வராது."

ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட் தோட்டக்காரம்மாவின் வீட்டைத் தேடிப் போனார். பின்கட்டில் ஒற்றை அறை. அவளுடைய அக்கா கதவைத் திறந்தாள். சன்னலோரம் நாற்காலியில் அவள். எதிரே முக்காலியில் கட்டுப் போட்ட கால். இவரைப் பார்த்ததும் புடவையை இழுத்துக் காலை மூடினாள்.

"வாங்கண்ணே. வண்டி எப்படி இருக்கு? ஏதாவது ஒடஞ்சு போச்சா? நாலு மாசம் பாத்துப் பாத்து செஞ்சதுன்னு மேனேஜர் சொன்னாரு."

அவருக்கு அப்போதே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. உட்காராமலேயே சொன்னார். சுவிட்ச் என்றால் என்ன, ஒயர் என்றால் என்ன, எதை எதோடு இணைத்தார், நிற்க வேண்டிய வண்டி ஏன் நிற்கவில்லை, எல்லாம்.

அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க பழைய வண்டி இருக்குதே," என்றாள் கடைசியில், "சீட்டுல லேசா நகந்தாலே செத்துடும். திட்டிக்கிட்டே ஓட்டுவேன். அன்னைக்கு விழுந்தேன் பாருங்க, பயமே வரல. அதான் நின்னுடுமேன்னு அப்படியே படுத்துக் கெடந்தேன். எழுந்து ஓடியிருக்கலாம். நேரம் இருந்துச்சு." திரும்பினாள். "ஆறு வாரமா மனசுக்குள்ள அந்த மைதானத்துல ஓட்டிக்கிட்டே இருக்கேண்ணே. எந்த எடத்துல தப்பு பண்ணேன்னு. நீங்க வீட்ல உக்காந்திருந்தீங்க, பதிலக் கையில வச்சுக்கிட்டு."

"மன்னிச்சிடும்மா."

"அத அப்புறம் பாக்கலாம். நாளைக்குக் கமிட்டியில காட்ட எழுதிக் குடுங்க."

அவளுடைய அக்கா ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். லிஃப்ட் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை எழுதினார். கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் ஒவ்வொரு வரியாக, உதடு அசைய வாசித்தாள்.

"எடுக்க மறந்துவிட்டேன்னு போட்டிருக்கீங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. மச்சினனுக்கு வேலை மிஞ்சும், இவருக்கு மானம் மிஞ்சும். இவளுக்கும் நியாயம் கிடைத்துவிடும், ஏறக்குறைய. அந்த ஏறக்குறையை அவரால் தாண்ட முடியவில்லை.

"இல்லம்மா."

"அப்புறம்?"

"பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிட்டு வர்ற அன்னைக்குக் கையக் கீழ விட்டு ஒயரத் தொட்டேன். எடுக்கணும்னு நெனச்சேன். ரோடெல்லாம் பள்ளம். எடுத்தா ரெண்டு அடிக்கு ஒரு தரம் வண்டி நிக்கும். தெருவே பாத்துட்டு இருந்துச்சு. தையல்காரர் வேற இருந்தாரு. நாலு மாசம் குடைஞ்சது இதுக்குத்தானான்னு சிரிப்பாங்க. புது சுவிட்ச் வந்ததும் மாத்திக்கலாம்னு கைய எடுத்துட்டேன். அது வந்து மேசைமேல ஒரு வாரம் கெடந்துச்சு. அப்பகூட நான் வரல."

அக்காதான் முதலில் பேசினாள்: "இவளோட வெரலவிட அந்தத் தையக்காரர் சிரிப்பு உங்களுக்குப் பெரிசாப் போச்சு."

"ஆமா" என்றார் லிஃப்ட்.

தோட்டக்காரம்மா அந்தத் தாளை நான்காகக் கிழித்தாள். கோபத்தில் கிழிக்கவில்லை, வேண்டாத துணியைக் கிழிப்பதுபோல் நிதானமாகக் கிழித்தாள்.

"அக்கா, இன்னொரு தாள் குடு. அண்ணே, உக்காருங்க. இப்ப வாயால சொன்னீங்கல்ல, அப்படியே எழுதுங்க. தையக்காரர் உள்பட."

"மச்சினனுக்குத் தெரிஞ்சதையுமா?"

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அதை அவள் கேட்கவேயில்லையே. அவள் கண்ணை இமைக்காமல் அவரையே பார்த்தாள்.

அவர் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டார். கால் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு சட்டென்று சரிந்திருந்தது கண்ணுக்கு நேரே தெரிந்தது. எழுதினார். வேகமாகத்தான் எழுதினார். "ஒயரைத் தொட்டேன், எடுக்கவில்லை" என்ற இடம் வரை கை ஓடியது. "மறுநாள் என் மைத்துனர்" என்பதோடு பேனா நின்றது.

"ம்," என்றாள் அவள். "அடுத்தது?"