ஏரித் தண்ணியில பரவுமா மேடம்?

எங்கள் தொழிலில் பாதி பேசுவது, மீதி வாயை மூடிக்கொண்டிருப்பது. எனக்கு இரண்டாவது பாதிதான் இன்னும் சரியாக வரவில்லை. அரசாங்க நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. ஆலோசகர் நான். வீடு அனுப்பம்பட்டு, வேலை பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில். அடுத்தவர் ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு அலைந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் அவஸ்தை புரியும்.

வண்டி வந்தாச்சு

பரிசோதனைக்கென்று எங்களுக்கு ஒரு வேன் உண்டு. நாலு பக்கமும் சிவப்பு ரிப்பன் படம், ‘உங்கள் ரகசியம் காக்கப்படும்’ என்று கொட்டை எழுத்து. மீன் ஏலம் விடும் இடத்தில் நிறுத்துவோம். ஈ, காக்கா வராது. வேனில் ஏறியவனுக்கு நோய் என்று ஊர் முடிவு கட்டிவிடுமே! மைக்கில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் ஒருவர் பின்பக்கமாக வந்து ஜன்னலைத் தட்டினார். "இன்னா மேடம், இங்க போய் நிறுத்திகினு கீற? திருப்பாலைவனத்தாண்ட நிறுத்து, நான் பஸ் ஏறி வரேன்."

நான் செய்த புத்திசாலித்தனம்

குமார் ஏரிக்கரைப் பசியாவரத்து மீனவர். நாலு வருசமாக மாத்திரை சாப்பிடுகிறார். அவர் மனைவியையும் எங்கள் மையத்தையும் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் மாத்திரை வாங்க வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. நான் பதறிப்போய், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மைக் பிடித்துக் கத்துகிற அம்மாவைத் தெரியாதவர் அந்த ஊரில் உண்டா? சாயங்காலத்துக்குள் ஊரே பேசிவிட்டது. போன் ஏரியில் விழுந்ததாம், அவருக்குக் காய்ச்சலாம், அவ்வளவுதான் விஷயம். மறுவாரம் மையத்துக்கு வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு நாள்ல நானே வந்துருப்பேன் மேடம். நீ வராம இருந்துருக்கலாம்."

தனி பாட்டில்

ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை விடுவது என்று ஊர் போட்டுவைத்த முறைக்குப் பாடு என்று பேர். குமாரின் பாடு வந்தது. "நீ வராத, உன் பங்கு மீனு வூட்டுக்கு வந்துடும்" என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஒன்றாக நின்று வலை இழுப்பவர்கள் அவர்கள். குமார் கையை நண்டு கீறினால் ரத்தம் தண்ணீரில் கலந்து எல்லார் புண்ணிலும் ஏறுமாம். வீட்டுக்கு மீன் வரும், சரி. வலையில் கை வைக்காதவனை அந்த ஊரில் ஆளாகவே மதிக்க மாட்டார்கள்.

என்னால் வந்த வினை. குமாரின் சம்மதத்தோடு அவருடன் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று மூச்சு விடாமல் பேசினேன். ஒருத்தரும் அசையவில்லை. அப்புறம் குமார் எழுந்தார். "நாலு வருசமா உங்க பக்கத்துலதான நின்னேன்? எத்தினி வாட்டி கைய அறுத்துகினேன்? தண்ணில பரவும்னா இந்நேரம் உங்களுக்கும் வந்துருக்கணும். போய் டெஸ்ட் எடுத்துப் பாருங்க."

அந்த வாரமே கூட்டாளிகள் அத்தனை பேரும் எங்கள் வேனுக்கு வரிசையில் வந்து ஊசிக்குக் கை நீட்டினார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர்களே ஒருத்தருக்கொருத்தர் உரக்கச் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்களில் மூத்தவர் ஏகாம்பரம், "நாளைக்கு வலைக்கு வந்துடு குமாரு" என்றார். நாலடி போய்த் திரும்பி, "குடிக்கத் தண்ணி மட்டும் தனியா எடுத்துனு வா" என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் குமார் தடுத்துவிட்டார். "வுடு மேடம், பெரிய பாட்டிலா எடுத்துனு போறேன். உச்சி வெயில்ல தாகம் எடுத்தா அவனுங்களே கேப்பானுங்க."

கிருமிக்கு அரசாங்கம் மாத்திரை கொடுக்கிறது, அந்தத் தனி பாட்டிலை ஒழிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.