இரும்புச் சட்டத்தைத் தொட்டவர்

பூனாகலையில் எங்கள் தொலைபேசிக் கருவி அறையை மண்சரிவு கொண்டுபோன மூன்றாம் நாள் தொலைபேசி நிறுவனத்திலிருந்து அவர் வந்தார். அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் புதிய சுவிட்சை, நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து அறையொன்றில் பொருத்தப் போவதாகச் சொன்னார். பதுளையில் விடுதியில் இருக்கும் மகளின் குரலைக் கேட்டும் மூன்று நாள் ஆகியிருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன்.

குட்டையான மனிதர், காதில் பென்சில், முழங்கால் வரை சேறு. சுவிட்சின் மின்சுற்றுக் கார்டு ஒவ்வொன்றையும் செருகுமுன், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தொட்டார். பக்தியான ஆள் என்று நினைத்து, நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "டீச்சர், இது சாமி இல்லைங்க. ஒடம்புல உள்ள கரண்ட் எறங்கணும். இல்லாட்டி கார்டு செத்துப்போகும்."

"இருக்கட்டுங்க. எம் புள்ள பேசுனா இதுக்குத் தேங்காயே ஒடைக்கிறேன்."

"ஐயோ, தண்ணி பட்டா நான் மறுபடி மொதல்லேருந்து மாட்டணும்!"

கடைசிக் கார்டையும் செருகி, மடிக்கணினியில் நெடுநேரம் தட்டினார். பச்சை விளக்குகள் எரிந்தன.

"டெஸ்ட் கோலுக்கு ஒரு நம்பர் சொல்லுங்க."

மகளின் எண்ணைச் சொன்னேன். அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். மெல்லக் கையை நீட்டிச் சட்டத்தைத் தொட்டார்.

"யாருங்க அது? குளிக்கக்கூட விட மாட்டீங்களா?" என்றாள் மகள்.

அழுதேனா சிரித்தேனா, தெரியவில்லை. செருக வேண்டிய கார்டு எதுவும் மிச்சமில்லாதபோது அவர் எதற்காகத் தொட்டார்? கேட்பதற்குள் அவருடைய லொறி பசறைக்குப் புறப்பட்டுவிட்டது.