நிற்பதற்கு ஒரு கால்

பச்சைப் பலாக் கட்டையில் உளி பட்டதும் எழுகிற ஈரமான, சற்றே புளித்த வாசம், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு அடுக்களையைத் தாண்டிக் கொடியில் காயும் சட்டைகளில்கூட ஏறிவிடும். வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, காலால் மிதித்துச் சுழற்றும் கடைசல் எந்திரங்களில் அப்பாவும் சித்தப்பாவும் கட்டில் கால்களும் கதிரைக் கால்களும் கடைந்துகொண்டிருப்பார்கள்.

அப்பா எதையும் முதலில் ஒரு மெல்லிய சட்டத்தில் கோடு கிழித்துக்கொண்டுதான் தொடங்குவார். அந்தச் சட்டத்துக்கு எங்கள் வீட்டில் "கோல்" என்று பெயர். "கண் பொய் சொல்லும், கோல் சொல்லாது" என்பது அவர் வேதம். சித்தப்பாவுக்கோ கோல் என்றாலே சிரிப்பு. கணு வந்தால் குமிழை நகர்த்துவார், வெடிப்புத் தெரிந்தால் அங்கே ஒரு பள்ளம் எடுப்பார், "கட்டை விடுற வழி"யில் போவார். ஒரே கட்டிலுக்கு அவர் கடைந்த நாலு கால்களும் நாலு விதமாக நிற்க, அப்பா தலையில் அடித்துக்கொண்டு அவற்றை "நாலு மாமியார்" என்று தள்ளிவைப்பார்.

போர்க்காலத்தில், துறைமுகத்துக்கு விரைந்த பட்டாள லொறியொன்று சித்தப்பாவின் இடது காலை நசுக்கியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேறு தொழில் அறியாத அவர் படுக்கையிலிருந்தே அப்பாவிடம் கேட்டார்: "மிதிக்க ஒரு கால் இருக்கு அண்ணை. நிக்கிறதுக்கு ஒண்டு செய்து தா." தான் வீட்டுக்கு வந்த பிறகு, வைத்துப் பார்த்துப் பார்த்துக் கடையலாம் என்றும் சொன்னாராம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, வீங்கிக் கிடந்த காலைச் சுற்றி அன்றே நூல் பிடித்து, கோலில் கோடு கிழித்துக்கொண்டு வந்துவிட்டார்.

காய்ந்த மரம் அப்போது கிடைக்கவில்லை. பச்சை மரம் சுருங்கும் என்று கணக்குப் பார்த்து, கால் இறங்கும் குழியை அவர் சற்று அகலமாகவே கடைந்தார். மரத்தின் சுருக்கம் தெரிந்த மனிதருக்குத் தசையின் வீக்கம் வற்றும் என்று தோன்றவேயில்லை. சித்தப்பா வந்து போட்டுப் பார்த்தபோது அது உரலுக்குள் உலக்கை மாதிரி ஆடியது. அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இடைவெளியில் பழஞ்சீலையைத் திணித்துக்கொண்டு, சில கிழமை நின்று கடைந்தார். சீலையில் இரத்தம் ஊறியிருப்பதை அம்மா துவைக்கும்போதுதான் கண்டாள். அதற்குள் புண் அழுகிவிட்டது. இந்த முறை முழங்காலும் போயிற்று.

அப்பா மறுபடியும் கோலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். சித்தப்பா கோபப்படவில்லை.

"கோலை வீட்டுக்குக் கொண்டு போ அண்ணை. இனி என்னால நிக்கேலாது."

அவர் பிறகு உளியைத் தொடவேயில்லை.

இன்று அந்தப் பட்டறை இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. காலால் மிதித்துக் கடைபவர் யாரையும் நான் கண்டு வெகு காலமாயிற்று. போன வருடம் வெள்ளவத்தையில் தெரிந்தவர் ஒருவருக்குச் செயற்கைக் கால் போட்டார்கள். வீக்கம் வற்றும்வரை காத்திருந்து, மாட்டிப் பார்த்து, கழற்றித் திருத்தி, மறுபடி மாட்டிப் பார்த்துத்தான் செய்தார்களாம். அப்பா செத்து எத்தனையோ காலம். அவரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.